கீதாசாரம் மாட்டியிருக்கும் வீடுகளுக்கு



வெள்ளைக் குதிரைகள் பூட்டிய தேர். திரும்பிப் பார்த்துப் பேசும் கண்ணன். கைகூப்பிய அர்ஜுனன். கீழே கட்டம் கட்டிச் சில வரிகள். நகைக்கடைக் கல்லாவுக்குப் பின்னால், பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில், லாட்ஜ் வரவேற்பில், வாடகைக் காரின் முன்கண்ணாடியில் என்று தமிழ்நாட்டில் இந்தப் படம் இல்லாத தெரு அபூர்வம். புதுமனை புகுவிழாவுக்கு வரும் அன்பளிப்புகளில் சுவர்க் கடிகாரத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஆனதும் ஆவதும் ஆகப்போவதும் எல்லாம் நல்லதற்கே, வரும்போது எதையும் கொண்டுவராதவன் எதை இழந்துவிட்டான் என்று அது ஆறுதல் சொல்கிறது. தலைப்பு: கீதாசாரம்.

கீதையின் 700 சுலோகங்களில் எதற்கும் அது மொழிபெயர்ப்பு இல்லை. மகாபாரதத்தின் பீஷ்ம பருவத்தில் 18 அத்தியாயங்களாக இருக்கும் அந்த நூலை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாலும் அந்த வரிகள் அகப்படா. சமஸ்கிருதம் படித்தவர்கள் இதைப் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். படம் விற்பனையில் ஒரு குறைவும் இல்லை.

படத்தைக் கழற்றுங்கள் என்று சொல்ல இந்த மடல் வரவில்லை. சாவு வீட்டிலும் கடை நொடித்துப்போன வீட்டிலும் அந்த வரிகள் எத்தனையோ பேரைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. சிக்கல் வேறு இடத்தில். அப்பாவை வென்டிலேட்டரில் வைக்கலாமா என்று மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். தம்பியின் கடனுக்கு ஜாமீன் போட வேண்டியிருக்கிறது. பூர்வீக நிலத்தை விற்றால்தான் பையனின் வெளிநாட்டுப் படிப்பு நடக்கும். புகுந்த வீட்டுக்கு இனிப் போகமாட்டேன் என்று மகள் பெட்டியோடு வந்து நிற்கிறாள். இவையெல்லாம் இன்னும் நடக்காதவை. நீங்கள் சொல்லப்போகும் ஒரு சொல்லால் நடக்க இருப்பவை. அந்த நேரத்தில் எல்லாம் நல்லதற்கே என்று சுவரைப் பார்ப்பது, யோசிக்கும் வேலையிலிருந்து நழுவுவதற்குத்தான் உதவும்.

முடிவைத் தெய்வத்திடமே விட்டுவிட நினைப்பவர்களுக்கு நம் ஊரில் நேரான வழிகள் உண்டு. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து அம்மன் காலடியில் போட்டு, விவரம் அறியாத குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். சைவர்கள் திருமுறை ஏட்டில் கயிறு சாத்துவார்கள். 13-ஆம் நூற்றாண்டில் பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் பிள்ளையில்லாமல் வருந்தியபோது, அவருடைய குரு சகலாகம பண்டிதர் அப்படிக் கயிறு சாத்திப் பார்த்தார். திருவெண்காட்டைப் பற்றிய சம்பந்தர் பதிகம் வந்தது. தம்பதியர் அங்கே போய் முக்குளத்தில் நீராடி வழிபட்டார்கள். பிறந்த பிள்ளை மெய்கண்டார் ஆனார். கயிறு சாத்திய பண்டிதரே பிற்காலத்தில் அந்தப் பிள்ளைக்குச் சீடராகி அருள்நந்தி சிவாசாரியார் ஆனார் என்று சைவ மரபு சொல்கிறது. வடக்கே துளசிதாசரின் ராமாயணப் பதிப்புகளில் எழுத்துகள் அடைத்த ‘ராம சலாகா’ கட்டம் இருக்கும்; கண்ணை மூடி விரல் வைப்பார்கள். நம்பிக்கை உள்ளவரோ இல்லாதவரோ, இவற்றில் ஒரு நேர்மையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனக்குத் தெரியவில்லை, நீ சொல் என்று வெளிப்படையாகவே கேட்கிறார்கள். களப்பாளரும் பதிகம் வந்ததோடு நிற்கவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு திருவெண்காட்டுக்குப் புறப்பட்டார்.

கீதை இப்படிப் பொட்டலம் எடுத்துப் பார்க்கும் நூல் இல்லை. அதில் முடிவெடுக்க வேண்டியவன் முதலில் தன் பக்கத்தை முழுதாகப் பேசித் தீர்க்கிறான். வில் நழுவுகிறது, வாய் உலர்கிறது, மேனி எரிகிறது என்று உடம்பில் தொடங்குகிறான். எதிரே நிற்கும் பாட்டனாரையும் ஆசிரியரையும் கொன்றபின் வரும் அரசு யாருக்கு வேண்டும் என்று கேட்கிறான். குலம் அழிந்தால் என்னென்ன கெடும் என்று ஒவ்வொன்றாக அடுக்குகிறான். இரண்டாம் அத்தியாயத்தில், எது சரி என்று புரியவில்லை, உன் சீடனாக வந்திருக்கிறேன் என்று அவனே வாய்விட்டுக் கேட்டபிறகுதான் உபதேசம் தொடங்குகிறது. கேட்டுவிட்டு அடங்கிப்போனானா என்றால் அதுவும் இல்லை. மூன்றாம் அத்தியாயத் தொடக்கத்திலேயே, ஒரு பக்கம் ஞானம் பெரிது என்கிறாய், இன்னொரு பக்கம் இந்தக் கொடிய வேலையில் இறங்கு என்கிறாய், ஏன் குழப்புகிறாய் என்று கண்ணனையே கடிந்துகொள்கிறான். ஐந்தாம் அத்தியாயத்தில் அதே கேள்வி மறுபடியும். மனத்தை அடக்குவது காற்றைப் பிடிப்பது மாதிரி என்று ஆறாம் அத்தியாயத்தில் முறையிடுகிறான். படத்தில் மௌனமாக நிற்கும் அர்ஜுனன், நூலில் எண்பதுக்கு மேற்பட்ட சுலோகங்கள் பேசுகிறான்.

கடைசி அத்தியாயத்தின் 63-ஆம் சுலோகத்தில் கண்ணன் சொல்வது இது: சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், மிச்சம் வைக்காமல் எண்ணிப் பார், பிறகு உன் விருப்பப்படி செய். விசுவரூபம் காட்டியவன் பேசுகிறான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டிய இடம். மூன்று சுலோகம் தள்ளி, எல்லாத் தர்மங்களையும் விட்டுவிட்டு என்னையே சரணடை என்று வருகிறது. வைணவர்கள் சரம சுலோகம் என்று போற்றுவது அதைத்தான். பிள்ளை லோகாசாரியாரின் முமுக்ஷுப்படியும் வேதாந்த தேசிகரின் ரகஸ்யத்ரயசாரமும் அதை விரித்துப் பேசுகின்றன. தென்கலை, வடகலை வேறுபாட்டில் அதைப் பொருள்கொள்ளும் முறைக்கும் பங்கு உண்டு. இரண்டையும் சொன்னது ஒரே வாய். சரணடை என்பதை எடுத்துக்கொண்டு எண்ணிப் பார் என்பதை விட்டுவிடுவது வசதியான வாசிப்பு.

போர் முடிந்து ஓய்ந்தபின் ஒருநாள், அன்றைக்குக் களத்தில் நீ சொன்னதெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று, இன்னொரு தடவை சொல் என்று அர்ஜுனன் கேட்கிறான். அசுவமேதிக பருவத்தில் வரும் அநுகீதை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. கண்ணனுக்கு வருத்தம். அதை அப்படியே திரும்பச் சொல்ல என்னாலும் ஆகாது என்று சொல்லிவிட்டு, வேறு கதைகள் வழியாக வேறு விதமாகப் பேசத் தொடங்குகிறான். நேரில் கேட்டவனுக்கே இந்தக் கதி. அந்தக் காலத்தில் லேமினேஷன் வசதி இல்லை, பாவம்.

உபந்நியாசங்களில் அதிகம் வராத ஒரு காட்சி கர்ண பருவத்தில் இருக்கிறது. பதினேழாம் நாள் போர். கர்ணனிடம் அடிபட்டுத் தருமர் பாசறைக்குத் திரும்பிப் படுத்திருக்கிறார். அண்ணனைப் பார்க்க அர்ஜுனன் வருகிறான். கர்ணனைக் கொன்றுவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்று தருமர் நினைத்துக்கொள்கிறார். இன்னும் இல்லை என்று தெரிந்ததும் வலியும் ஆத்திரமும் சேர்ந்து வெடிக்கின்றன. உன்னால் ஆகாதென்றால் காண்டீபத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடு என்கிறார். அர்ஜுனன் வாளை உருவுகிறான். காண்டீபத்தைப் பிறனிடம் கொடு என்று சொல்பவன் தலையை வெட்டுவதாக அவன் மனத்துக்குள் ஒரு சபதம் செய்துவைத்திருக்கிறான். சொன்ன சொல் தவறக்கூடாது. ஆகவே அண்ணனைக் கொல்ல வேண்டும். அவன் கணக்கு அவ்வளவு நேரானது.

கண்ணன் தடுக்கிறான். நீ பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டவன் இல்லை என்று இப்போது தெரிகிறது என்று திட்டிவிட்டு, கௌசிகன் கதையைச் சொல்கிறான். ஊருக்கு வெளியே ஆறுகள் கூடும் இடத்தில் தவம் செய்தவன் கௌசிகன். உண்மையைத் தவிர வேறு பேசுவதில்லை என்பது விரதம். கொள்ளையருக்குப் பயந்து ஓடிவந்த சிலர் பக்கத்துக் காட்டில் ஒளிந்தார்கள். துரத்தி வந்தவர்கள் கௌசிகனைக் கேட்டார்கள். அவன் உண்மையைச் சொன்னான். ஒளிந்திருந்தவர்கள் வெட்டுப்பட்டார்கள். கௌசிகன் போனது நரகத்துக்கு. தர்மம் முழுதும் வேதத்தில் இருக்கிறது என்று பலர் சொல்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் எல்லாமே அதில் விதிக்கப்பட்டுவிடவில்லை என்கிறான் கண்ணன். மக்களைத் தாங்கி நிறுத்துவதுதான் தர்மம் என்கிறான். எல்லாக் கேள்விக்கும் சாத்திரத்தில் விடை இருக்கிறது என்று மேடையில் முழங்குகிறவர்கள், ஐந்தாம் வேதம் என்று அவர்களே போற்றும் நூலில் இந்தப் பக்கத்தை மட்டும் ஏன் புரட்டுவதில்லை?

அதற்குப் பிறகு நடப்பது இன்னும் சுவாரசியம். மதிப்புக்குரியவரை மரியாதையில்லாமல் பேசினால் அது அவரைக் கொன்றதற்குச் சமம். அண்ணனை வாயால் கொல், சபதமும் நிற்கும், அண்ணனும் பிழைப்பார் என்று கண்ணன் வழி சொல்கிறான். அர்ஜுனன் திட்டுகிறான். நெடுநாள் தேக்கிவைத்ததெல்லாம் வருகிறது, சூதாட்டம் உட்பட. திட்டி முடித்ததும் வெட்கம் தாங்காமல் தன்னையே வெட்டிக்கொள்ள மறுபடி வாளை உருவுகிறான். தற்பெருமை பேசு, அது தற்கொலைக்குச் சமம் என்கிறான் கண்ணன். என்னைப்போல் வில்லாளி உண்டா என்று அர்ஜுனன் தன் புகழைத் தானே பாடிக்கொள்கிறான். இப்போது தருமர் மனமுடைந்து காட்டுக்குக் கிளம்புகிறார். அவரையும் கெஞ்சிச் சமாதானம் செய்ய வேண்டியிருக்கிறது. அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும் நாளில் வீட்டில் இருந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. அங்கே கொடுத்த வாக்கு, குடும்ப கௌரவம், பழைய கணக்கு எல்லாம் ஒரே சமயத்தில் வாளை உருவுகின்றன. யாரும் சாகாமல் வெளியே வர ஒரு வழி தேடுவதுதான் கண்ணன் அங்கே பார்த்த வேலை.

யாரிடம் போய்க் கேட்பது? தைத்திரீய உபநிடதத்தின் சீக்ஷாவல்லியில், படிப்பை முடித்து வீடு திரும்பும் மாணவனுக்கு ஆசிரியர் சொல்லும் அறிவுரை வருகிறது. தாய், தந்தை, ஆசிரியர், விருந்தினர் ஆகியோரைத் தெய்வமாகக் கொள்ளச் சொல்லும் பகுதி பள்ளி ஆண்டு விழா வரைக்கும் வந்துவிட்டது. அதையடுத்து வருவது அவ்வளவு தூரம் வரவில்லை. எங்களிடம் உள்ள நல்ல நடத்தையை மட்டும் எடுத்துக்கொள், மற்றதை விட்டுவிடு என்று அந்த ஆசிரியர் தம்மைப் பற்றியே சொல்கிறார். செய்யலாமா கூடாதா என்று ஐயம் வந்தால், அந்த இடத்தில் இருக்கும் தகுதியுள்ள அந்தணர்கள் எப்படி நடந்துகொள்வார்களோ அப்படி நட என்கிறார். சீர்தூக்கிப் பார்க்கத் தெரிந்தவர், பிறர் ஏவலுக்குப் பேசாதவர், கடுகடுப்பு இல்லாதவர், அறத்தை விரும்புகிறவர் என்று தகுதிகளையும் சொல்கிறார். அந்தணர் என்ற வேலி இன்றைக்குத் தேவையில்லை. மற்றதை வைத்து உங்கள் வக்கீல், ஜோசியர், பெரிய மாமா என்று ஒவ்வொருவராக நிறுத்திப் பாருங்கள். கடுகடுப்பு இல்லாதவர் என்ற ஒரு தகுதியே பாதிப் பேரை வெளியே அனுப்பிவிடும்.

எதிர்ப்பவர்களையும் பேசவைக்க வேண்டும் என்பதற்கு வால்மீகியின் யுத்த காண்டத்தில் விபீஷணன் வரும் இடம் இருக்கிறது. நான்கு துணைவரோடு எதிரியின் தம்பி வந்து வானில் நிற்கிறான். சுக்கிரீவன் கொல்லச் சொல்கிறான். அங்கதன் சோதித்துப் பார்க்கலாம் என்கிறான். சரபன் ஒற்றரை அனுப்பச் சொல்கிறான். வந்த நேரமும் இடமும் சரியில்லை என்று ஜாம்பவான் சந்தேகப்படுகிறான். மயிந்தன் மெதுவாகக் கேள்வி கேட்கலாம் என்கிறான். அனுமன் ஒருவன்தான், ஒவ்வொருவர் யோசனையிலும் நடைமுறையில் என்ன குறை என்று காட்டி, சேர்த்துக்கொள்ளலாம் என்கிறான். ஆபத்தில் கிடக்கும் அண்ணனையே விட்டுவிட்டு வந்தவன் வேறு யாரைத்தான் விடமாட்டான் என்று சுக்கிரீவன் மறுபடி மல்லுக்கு நிற்கிறான். வாலியின் தம்பி கேட்கும் கேள்வி இது! எல்லாத் தம்பிகளும் பரதனைப் போல் இருப்பதில்லை என்று ராமன் சிரித்துக்கொண்டே சொல்கிறான். அடைக்கலம் என்று வந்தவனைக் கைவிடுவதில்லை என்ற தன் கொள்கை அவனுக்கு முதலிலேயே தெரியும். ஆனாலும் பெரும்பான்மை தனக்கு எதிராகப் பேசுவதைக் கடைசிவரை கேட்டான்.

1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் ஊனமுற்ற கன்றுக்குட்டி ஒன்று வலியில் துடித்துக்கொண்டிருந்தது. பிழைக்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். புரண்டு படுக்கக்கூட அதனால் முடியவில்லை. காந்தி அதன் உயிரை முடித்துவிடுவதே கருணை என்று நினைத்தார். ஆனால் விஷயத்தை ஆசிரமத்தார் அனைவர் முன்பும் வைத்தார். உயிரைக் கொடுக்க முடியாதவனுக்கு எடுக்கும் உரிமை இல்லை என்று அயலவர் ஒருவர் கடுமையாக எதிர்த்தார். கேட்டுக்கொண்டு, யோசித்து, மருத்துவரை வரவழைத்துத் தம் முன்னிலையில் விஷ ஊசி போடச் செய்தார். மறைக்கவும் இல்லை, தம் பத்திரிகையில் எழுதினார். அகிம்சைவாதி பசுவைக் கொன்றார் என்று ஆத்திரக் கடிதங்கள் குவிந்தன. மனிதருக்கும் இதே அளவுகோலா என்ற கேள்வியையும் அவரே எழுப்பி, ஆம் என்று பதில் எழுதினார். இன்றைய சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. மீள வழியில்லாத நோயாளிக்கு உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்தவும், அதை முன்கூட்டியே எழுதிவைக்கவும் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று வழிவிட்டது. ஊசி போட்டு முடிப்பதற்கு அனுமதி கிடையாது. அப்பா நல்ல நினைவோடு சாய்வு நாற்காலியில் இருக்கும்போதே அவரிடம் இதைப் பேசிவிடலாம் என்பதைப் பல குடும்பங்கள் இன்னும் யோசிக்கவில்லை.

அந்தக் காந்தி 1926-இல் அதே ஆசிரமத்தில் மாதக்கணக்கில் கீதை வகுப்பு எடுத்தவர். குருக்ஷேத்திரம் நெஞ்சுக்குள் நடக்கும் போர் என்பது அவர் வாசிப்பு. 1929-இல் கௌசானியில் இருந்து எழுதிய ‘அநாசக்தி யோக’ முன்னுரையில் அதை விளக்கியிருக்கிறார். மாண்டலே சிறையில் திலகர் பென்சிலால் எழுதி, 1915-இல் வெளிவந்த ‘கீதா ரகசிய’மோ அதைச் செயலுக்கான அழைப்பாகப் படிக்கிறது. 1949 நவம்பர் 15 அன்று அம்பாலா சிறையில் தூக்குமேடைக்குப் போன கோட்சேயின் கையிலும் கீதை இருந்தது. கொல்லப்பட்டவரும் கொன்றவரும் படித்த நூல் ஒன்றே. ஒருவர் ஒரு கன்றுக்குட்டிக்காக எதிர்ப்பவரை உட்காரவைத்துப் பேசவிட்டார். மற்றவர் ஒத்த கருத்துள்ள சிலரோடு மட்டும் இரகசியமாகக் கூடிப் பேசினார். நூலைப் பற்றிப் பேசும்போது இந்த வித்தியாசத்தையும் சேர்த்துப் பேச வேண்டும்.

உங்களில் பலர் அடுத்தவருக்கும் சுலோகம் எடுத்துக் கொடுக்கிறீர்கள். அங்கே கொஞ்சம் நிதானம் தேவை. தாழ்வாகத் தெரிந்தாலும் தன் தர்மத்தை விடாதே என்ற கீதைக் கருத்து, சாதித் தொழிலிலிருந்து வெளியேற நினைத்தவர்களின் காலைக் கட்டவும் பயன்பட்டிருக்கிறது. கீதை நால்வருணத்துக்கு முட்டுக் கொடுக்கிறது என்று அம்பேத்கர் சாடியதை ஒதுக்கிவிட்டுப் படிப்பது நேர்மையாகாது. பெட்டியோடு வந்து நிற்கும் மகளுக்குப் புராணப் பெண்களின் பொறுமையை எடுத்துச் சொல்வதும் அந்த ரகம்தான். சூதாட்டச் சபையில் திரௌபதி பொறுமையாக இல்லை, கேள்வி கேட்டாள். தருமர் தன்னைத் தோற்ற பிறகு என்னை வைத்தாரா, அதற்கு முன்பா? தர்மம் நுட்பமானது, தீர்த்துச் சொல்ல என்னால் ஆகவில்லை என்று பீஷ்மர் கைவிரித்தார். துரியோதனன் தம்பிகளில் ஒருவனான விகர்ணன் எழுந்து அவள் பக்கம் பேசினான்; கர்ணன் அவன் வாயை அடைத்தான். பாரதியார் ‘பாஞ்சாலி சபத’த்துக்கு எடுத்துக்கொண்டது இந்தச் சபையைத்தான். வயதிலும் பெயரிலும் பெரியவர்கள் எல்லாரும் இருந்த சபை அது.

படிக்க நினைப்பவர்களுக்கு வழி இருக்கிறது. பாரதியாரின் கீதைத் தமிழாக்கம் சிறியது, முன்னுரையோடு சில நாட்களில் முடித்துவிடலாம். ராஜாஜியின் ‘வியாசர் விருந்து’ கதை ஓட்டத்துக்கு நல்லது. விவாதங்கள் அதில் சுருங்கிவிடும். கும்பகோணத்தில் ம. வீ. ராமானுஜாசாரியார் பண்டிதர்களைக் கொண்டு தமிழாக்கி வெளியிட்ட முழு மகாபாரதம் ஏறக்குறைய கால் நூற்றாண்டு உழைப்பு. கிசாரி மோகன் கங்குலியின் ஆங்கில மகாபாரதத்தைச் செ. அருட்செல்வப்பேரரசன் முழுதாகத் தமிழாக்கி இணையத்தில் வைத்திருக்கிறார், காசு கொடுக்க வேண்டாம். வன பருவத்தின் முடிவில் யட்சன் கேள்விகள் வரும் பகுதியைத் தவறவிடாதீர்கள். செத்துக் கிடக்கும் நான்கு தம்பிகளில் ஒருவனை மட்டும் எழுப்பித் தருவதாக யட்சன் சொல்கிறான். போரில் உதவும் பீமனையும் அர்ஜுனனையும் விட்டுவிட்டுத் தருமர் நகுலனைக் கேட்கிறார்: குந்திக்கு நான் இருக்கிறேன், மாத்ரிக்கும் ஒரு பிள்ளை இருக்க வேண்டும். கௌசிகன் கதை கங்குலி பதிப்பின் கர்ண பருவத்தில் 69-ஆம் பகுதி. அண்ணன் தம்பி சண்டை அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது, ஆகவே இரண்டு மூன்று பகுதி முன்னாலிருந்து ஆரம்பியுங்கள்.